ஹைடெல்நெட்: பழைய நூலக வழிகாட்டியைப் படிப்பதும் அதே முறையில் ஒன்று எழுதுவதும்

வலைத்தளமும் தேடுபொறியும் மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் நூலகங்கள் இருந்தன. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் நூற்பட்டியலை டெல்நெட் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சிடும் முறை) வழியாக யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தன. ஆனால் முகவரி, உள்நுழையும் பெயர், தேடும் கட்டளை, வெளியேறும் விசை எல்லாமே நூலகத்துக்கு நூலகம் மாறும். ஆர்ட் செயின்ட் ஜார்ஜ், பில்லி பாரன் போன்றவர்கள் இவற்றைத் திரட்டி நீண்ட பட்டியல்களாகக் கொடுத்தார்கள். கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய பீட்டர் ஸ்காட், அந்தத் தகவலைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து, ஒன்றோடொன்று இணைத்து, 1990 டிசம்பரில் ஹைடெல்நெட் என்ற பெயரில் வெளியிட்டார். டாஸ் என்ற பழைய இயங்குதளம் கொண்ட கணினியில் ஓடிய அந்தப் பதிப்புக்கு நீல் லார்சனின் ஹைப்பர்ரெஸ் என்ற மென்பொருள் அடிப்படை. யூனிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்துக்கான பதிப்பை ஏர்ல் ஃபோகல் எழுதினார்.

நூலகத்துக்காக எதையாவது தொகுக்க நினைக்கும் யாரும் இதை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கணினி அறிவு அதிகம் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1: கோப்புகளை எடுங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 1990களின் இலவச மென்பொருள் குறுந்தகடுகள் நிறையச் சேமிக்கப்பட்டுள்ளன. அங்கே ஹைடெல்நெட் (HYTELNET) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். டாஸ் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம் என்பதால், பதிப்பு எண்ணையும் சேர்க்கும்போது பெயரைச் சுருக்கியிருப்பார்கள். கடைசி எழுத்துகளை விட்டுவிட்டும் தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஜிப் (சுருக்கிய) கோப்பை விரிக்கும்போது உள்ளே இருக்கும் துணை அடைவுகள் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போய்விடும்.

படி 2: நோட்பேடில் திறங்கள்

டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளை நிறுவி அந்தக் கால நிரலையே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது நோட்பேடுதான். ஹைடெல்நெட்டின் பக்கங்கள் எல்லாமே வெறும் எழுத்துக் கோப்புகள். கோப்புப் பெயரின் முடிவில் பின்னொட்டு இல்லாவிட்டால், வலது சொடுக்கு செய்து 'ஓப்பன் வித்' மூலம் திறக்கலாம். 'ஸ்டார்ட்' என்ற கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

வரிகளுக்கு நடுவே கோண அடைப்புக்குறிக்குள் சின்னச் சின்னப் பெயர்கள் இருக்கும். அவைதான் இணைப்புகள். அடைப்புக்குள் இருப்பது அடுத்த கோப்பின் பெயர், அவ்வளவுதான். அதைத் தேடித் திறந்தால் அடுத்த பக்கம். அந்த நாளில் இதை அம்புக்குறி விசையால் செய்தார்கள். நாம் கையால் செய்கிறோம். ஒவ்வொரு இணைப்பும் எதற்காக அங்கே இருக்கிறது என்பது இப்படிப் போகும்போதுதான் நன்றாகப் பிடிபடும்.

படி 3: ஒரு நூலகத்தின் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்

முகப்பிலிருந்து நூலகப் பட்டியல்கள், அங்கிருந்து ஒரு நாடு, அங்கிருந்து ஒரு பல்கலைக்கழகம் என்று இறங்குங்கள். கடைசியில் வரும் பக்கம் பெரும்பாலும் சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளில் ஒரு புதியவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். முதலில் டெல்நெட் முகவரி. பெயரோடு பல இடங்களில் எண் முகவரியும் இருக்கும், பெயர் வேலை செய்யாத கணினியிலிருந்தும் ஒருவர் வரக்கூடும் அல்லவா? அடுத்து, உள்ளே போக என்ன தட்டச்ச வேண்டும் என்பது. அப்புறம் அந்த நூலகம் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பது. கடைசியாக, எப்படி வெளியே வருவது.

வெளியேறும் வழியை எழுதிய அந்தக் கடைசி வரியை நான் மிகவும் மதிக்கிறேன். அறிமுகம் இல்லாத ஒரு கணினிக்குள் சிக்கிக்கொண்டு திணறப்போகும் மனிதரை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுதிய வரி அது.

மென்பொருள் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் இணைப்பு இருக்கும். அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். டைனிக்ஸ், நோடிஸ், இன்னோபேக், கியாக் என்று அன்று புழக்கத்தில் இருந்த மென்பொருள்கள் கொஞ்சம்தான். நூலகங்களோ ஏராளம். எனவே ஸ்காட் தேடும் முறையை ஒவ்வொரு நூலகத்துக்கும் திரும்பத் திரும்ப எழுதவில்லை. நோடிஸுக்கு ஒரு பக்கம் எழுதினார், நோடிஸ் வைத்திருந்த நூலகங்கள் எல்லாம் அந்த ஒரே பக்கத்தைச் சுட்டின. நூலாசிரியர் பெயரால் தேட எந்த எழுத்து, தலைப்பால் தேட எந்த எழுத்து என்று ஒரு தடவை கற்றுக்கொண்டவர் அடுத்த ஊர் நூலகத்தில் தடுமாற வேண்டியதில்லை. பக்கங்களை இணைப்புகளால் கோக்கும் மீயுரையின் பலன் அந்த ஓர் இணைப்பிலேயே முழுதாகத் தெரிகிறது.

படி 4: முகவரிகளை நம்பாதீர்கள்

1990களின் பிற்பகுதியில் நூலகங்கள் வலைத்தளங்களுக்கு மாறிவிட்டன. ஹைடெல்நெட்டைப் புதுப்பிப்பதும் நின்றது. அதிலுள்ள டெல்நெட் முகவரிகளில் பெரும்பாலானவை இன்று பதில் தராது. ஏதாவது ஒன்று திறந்தாலும் கடவுச்சொல் எதையும் கொடுக்காதீர்கள், டெல்நெட்டில் போவது எதுவும் மறைகுறியாக்கம் ஆவதில்லை. அந்த நூலகத்தின் இன்றைய பட்டியல் வேண்டுமென்றால் பெயரை வைத்து வலையில் தேடினால் போதும்.

படி 5: உங்கள் வழிகாட்டியை எழுதுங்கள்

கூகுள் டாக்ஸ் போதும், நிரல் எழுத வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் நூலகங்களில் நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புக்கு ஓர் ஆவணம், நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணம், மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணம். சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் கே விசையும் அழுத்தினால் இணைப்புக்கான பெட்டி வரும், அதில் அடுத்த ஆவணத்தின் முகவரியை ஒட்டுங்கள்.

மென்பொருள் பக்கத்தில்தான் உங்கள் உழைப்பு அதிகம் இருக்க வேண்டும். உதாரணமாக, நியூசிலாந்தில் தொடங்கி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற நூலக மென்பொருள் இன்று இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இருக்கிறது. கோஹாவில் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று பிரித்துத் தேடுவது எப்படி, புத்தகம் இருப்பில் உள்ளதா வெளியே போயிருக்கிறதா என்று எங்கே பார்ப்பது, அலமாரி எண் எங்கே இருக்கும் என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிவிட்டால், கோஹா வைத்திருக்கும் நூலகங்கள் எல்லாவற்றுக்கும் அதையே சுட்டலாம்.

நூலகப் பக்கத்தில் அந்த இடத்துக்கு மட்டும் உரியதை எழுதுங்கள்: உறுப்பினர் அல்லாதவர் பட்டியலைப் பார்க்க முடியுமா, தமிழ் நூல்கள் தமிழ் எழுத்தில் பதிவாகியுள்ளனவா, ஆங்கில எழுத்தில் தேடினால்தான் வருமா என்பது போல. இந்தத் தகவலை நூலகத்தின் சொந்தத் தளத்தில் பெரும்பாலும் பார்க்க முடியாது. நீங்களே இரண்டு மூன்று புத்தகங்களைத் தேடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எல்லாப் பக்கத்திலும் முகப்புக்குத் திரும்பும் இணைப்பு இருக்கட்டும். கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் அடியில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் சொடுக்கிப் பாருங்கள், திறக்காததைத் திருத்துங்கள். திருத்த வழியில்லை என்றால் 'இப்போது திறக்கவில்லை' என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.