'பட்'டுக்குப் பிறகு தடுமாறும் பேசிவ் வாய்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடத்தில் ஆக்டிவ் வாய்ஸ் (செய்வினை), பேசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) படித்தவர்களுக்கு ராமன் ராவணனைக் கொன்ற வாக்கியம் மறந்திருக்காது. 'ராமா கில்டு ராவணா' என்பதை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று திருப்பிப் போட்டால் மார்க். ஆனால் வேலைக்குப் போய் ஈமெயில் எழுதும்போது யாரும் நம்மை வாக்கியத்தைத் திருப்பிப் போடச் சொல்வதில்லை. 'கட்டினேன், ஆனால் ஏறவில்லை', 'கூப்பிட்டார்கள், ஆனால் போகவில்லை' என்று இரண்டு பாதியாகத்தான் விஷயம் வருகிறது. நடுவில் 'பட்' வந்ததும் பேசிவ் வாய்ஸ் சறுக்கிவிடுகிறது.

நான் அதிகம் பார்க்கும் வாக்கியம் இது: 'ஐ பெய்ட் தி ஃபீஸ் பட் நாட் அப்டேட்டட்.'

எழுதியவர் மனதில் ஓடியது 'ஃபீஸ் கட்டிட்டேன், ஆனா அப்டேட் ஆகல' என்பது. தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. எது அப்டேட் ஆகவில்லை என்று சொல்லவே வேண்டாம், கேட்பவரே புரிந்துகொள்வார். ஆங்கிலம் அவ்வளவு தாராளம் காட்டாது. 'பட்'டுக்குப் பிறகு எழுவாயை விட்டுவிட்டால், முதல் பாதியின் எழுவாய்தான் இரண்டாம் பாதிக்கும். இங்கே அது 'ஐ'. அதாவது அப்டேட் ஆகாமல் கிடப்பது ஃபீஸ் அல்ல, நீங்கள்! 'ஐ ஹேவ் பெய்ட் தி ஃபீஸ், பட் தி பேமென்ட் ஹேஸ் நாட் பீன் அப்டேட்டட்' என்று எழுவாயைப் புதிதாகச் சொல்லிவிட வேண்டும். 'ஐ அப்ளைட் ஃபார் லீவ் பட் நாட் அப்ரூவ்ட்' என்பதும் இதே கதைதான். அங்கே 'பட் இட் ஹேஸ் நாட் பீன் அப்ரூவ்ட்' என்று வரும்.

'அமௌன்ட் டெபிடட் பட் நாட் கிரெடிடட்' என்று எல்லோரும் எழுதுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே இரண்டு வினையும் பணத்துக்கே உரியவை, அதனால் குழப்பம் இல்லை. செய்தித்தாள் தலைப்பு மாதிரி 'வாஸ்' எல்லாம் உதிர்ந்த சுருக்க நடை அது. ஈமெயிலின் சப்ஜெக்ட் வரியில் தாராளமாகப் போடலாம். உள்ளே எழுதும்போது மட்டும் 'தி அமௌன்ட் வாஸ் டெபிடட் பட் ஹேஸ் நாட் பீன் கிரெடிடட்' என்று முழுசாக எழுதுங்கள்.

எழுவாய் ஒன்றேதான், ஆனால் 'வாஸ்' காணாமல் போகிறது என்பது அடுத்த வகை. 'ஹி அப்ளைட் ஃபார் தி ஜாப் பட் ரிஜெக்டட்.' வேண்டாம் என்றது கம்பெனி. இந்த வாக்கியத்தைப் படித்தாலோ இவர்தான் எதையோ வேண்டாம் என்றதுபோல இருக்கிறது. 'ரிஜெக்டட்' என்ற ஒரே வடிவம் 'நிராகரித்தார்' என்பதற்கும் வரும், 'நிராகரிக்கப்பட்ட' என்பதற்கும் வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது 'வாஸ்' ஒன்றுதான். அதை விட்டால் அர்த்தமே தலைகீழ். 'பட் வாஸ் ரிஜெக்டட்' என்றால் முடிந்தது. 'அட்டெண்டட் தி இன்டர்வியூ பட் நாட் செலக்டட்' என்று எழுதுபவர்களும் 'பட் வாஸ் நாட் செலக்டட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இரண்டாவது தடவை 'வாஸ்' கட்டாயமா? இல்லை. 'தி லெட்டர் வாஸ் டைப்ட் பட் நாட் சைன்ட்' சரியான வாக்கியம். டைப் செய்ததும் கையெழுத்துப் போடாததும் இரண்டுமே கடிதத்துக்கு நேர்ந்தவை என்பதால் முன்னால் இருக்கும் ஒரு 'வாஸ்' இரண்டுக்கும் போதும். இதைப் பார்த்துவிட்டு 'ஷி வாஸ் இன்வைட்டட் பட் நாட் கேம்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம். அழைத்தது வேறு யாரோ. வராமல் இருந்தது அவரே செய்த காரியம். அங்கே பேசிவ் முடிந்து ஆக்டிவ் தொடங்குகிறது, ஆகவே 'பட் டிட் நாட் கம்'.

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இன்டர்வியூவில் நம்மைப் பற்றிச் சொல்லும் முதல் வரியில். 'ஐ யாம் பார்ன் இன் மதுரை', 'ஐ பார்ன் இன் மதுரை' இரண்டும் தவறு. தமிழில் பிறப்பது நாமே செய்வது. ஆங்கிலத்தில் அது 'ஐ வாஸ் பார்ன்', பேசிவ். சரி, அடுத்த பாதி? 'ஐ வாஸ் பார்ன் இன் மதுரை பட் ப்ராட் அப் இன் சென்னை' என்றால் 'வளர்க்கப்பட்டேன்', இதுவும் பேசிவ், பழைய 'வாஸ்' போதும். 'க்ரூ அப்' என்றால் 'வளர்ந்தேன்', ஆக்டிவ். 'ஐ வாஸ் பார்ன் இன் மதுரை பட் க்ரூ அப் இன் சென்னை'. இரண்டில் எதைச் சொன்னாலும் சரி. இரண்டையும் கலந்து 'வாஸ் க்ரூ அப்' என்று சொல்வதுதான் கூடாது.

சில வினைகளுக்குப் பேசிவ் வடிவமே கிடையாது. ஹேப்பன், அக்கர், அரைவ், டிஸப்பியர், டை எல்லாம் அந்த ரகம். 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் பட் நோபடி வாஸ் இஞ்சர்ட்' என்று எழுதுகிறார்கள். பின்பாதியில் 'வாஸ்' சரி, முன்பாதியில் அது ஒட்டுவார்ஒட்டி. 'யாரை? எதை?' என்று வினையைக் கேட்டுப் பாருங்கள். யாரைக் காயப்படுத்தியது என்று கேட்கலாம். எதை நடந்தது என்று கேட்க முடியாது. கேட்க முடியாவிட்டால் 'வாஸ்' வேண்டாம். 'தி ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்', அவ்வளவுதான்.

காலம் மாறும் இடத்திலும் கவனம் வேண்டும். 'இட் ஹேஸ் பீன் சென்ட் யெஸ்டர்டே' என்பது ஒட்டாது. 'யெஸ்டர்டே' என்று நாளைச் சொல்லிவிட்டால் 'வாஸ்'தான் வரும். இன்னும் வந்து சேராத பின்பாதிக்குத்தான் 'ஹேஸ் நாட் பீன்': 'இட் வாஸ் சென்ட் யெஸ்டர்டே பட் ஹேஸ் நாட் பீன் ரிசீவ்ட் யெட்.' அப்புறம் 'இஸ் பீன்' என்று ஒன்று அலுவலகங்களில் பரவிக் கிடக்கிறது. 'தி லிஃப்ட் இஸ் பீன் ரிப்பேர்ட்' என்றால் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்களா, இன்னும் செய்துகொண்டிருக்கிறார்களா? முடிந்திருந்தால் 'ஹேஸ் பீன்', நடந்துகொண்டிருந்தால் 'இஸ் பீயிங்'. 'இட்ஸ் பீன்' என்று காதில் விழுவதன் விரிவு 'இட் ஹேஸ் பீன்'. அதை 'இட் இஸ் பீன்' என்று எழுதிவிடுகிறோம்.

'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம் என்பதைப் பலரும் சொல்லியிருப்பார்கள், நீட்டவில்லை. 'டெஸ்பைட்'டில்தான் பேசிவ் ஒரு வேடிக்கை காட்டும். 'டெஸ்பைட் பீயிங் வார்ன்ட் மெனி டைம்ஸ், தி ஹெல்மெட் வாஸ் நாட் வோர்ன்.' பல தடவை எச்சரிக்கப்பட்டது யார்? வாக்கியத்தின்படி ஹெல்மெட்! கமாவுக்குப் பிறகு வரும் எழுவாய்தான் எச்சரிக்கப்பட்டவர், ஆகவே அங்கே ஆளைக் கொண்டுவர வேண்டும்: 'டெஸ்பைட் பீயிங் வார்ன்ட் மெனி டைம்ஸ், ஹி டிட் நாட் வேர் எ ஹெல்மெட்.' 'டெஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று கிடையாது.

புகார்க் கடிதங்களில் வரும் ஒன்று பாக்கி. 'தி மேனேஜர் வாஸ் இன்ஃபார்ம்ட், பட் எனி ஆக்‌ஷன் வாஸ் நாட் டேக்கன்.' 'எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை' என்பதன் நேர்ப்பிரதி இது. ஆங்கிலத்தில் மறுப்பை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: 'பட் நோ ஆக்‌ஷன் வாஸ் டேக்கன்.' 'எனி' வேண்டும் என்றால் 'பட் ஹி டிட் நாட் டேக் எனி ஆக்‌ஷன்' என்று ஆக்டிவிலேயே எழுதலாம். புகார்தானே, சும்மா இருந்தது யார் என்பதும் கடிதத்தில் தெரிந்துவிடும்.