வாடகைக் காரில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை: திட்டமிடும் முறை

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனாலும் வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, மலாக்காவில் ஓர் இரவு, ஈப்போவில் ஓர் இரவு, பினாங்கில் மூன்று இரவு என்று தங்கி, வழியில் வேண்டிய இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டுப் போகும் நிறைவு விமானத்தில் கிடைப்பதில்லை. சொந்தக் கார் இல்லாத குடும்பங்கள் இதற்கு வாடகைக் காரையே நம்பியிருக்கின்றன. அப்படிப் புறப்படுபவர்களில் பலர் விடுதிகளை முதலில் பதிவு செய்துவிட்டுக் காரைப் பிறகு தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கார் எதுவரை போகலாம், அதை யார் ஓட்டலாம், எல்லையில் என்னென்ன கேட்பார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது வாடகை ஒப்பந்தமே ஆதலால், கார் உறுதியான பிறகே விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும்.

காரைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மலேசியாவுக்குள் கொண்டுபோக எழுத்துமூல அனுமதி உண்டா என்பது. சிங்கப்பூரில் வாடகைக்குக் கிடைக்கும் எல்லாக் கார்களும் எல்லை தாண்டுவதற்கு உரியவை அல்ல. அனுமதி தரும் நிறுவனங்களும் அதற்கு நாள் கணக்கில் கூடுதல் கட்டணம் வாங்குவதுண்டு. சில நிறுவனங்கள் ஜோகூர், மலாக்கா, கோலாலம்பூர் வரை மட்டும் விட்டு, அதற்கு வடக்கே போகத் தனிக் கட்டணம் கேட்கும் அல்லது மறுத்துவிடும். ஆகவே “மலேசியா போகலாமா?” என்று பொதுவாகக் கேட்காமல், “பினாங்குத் தீவு வரை போகலாமா?” என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பினாங்குக்கு மேலே போய்த் தாய்லாந்தின் ஹாட்யாயையும் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் இருந்தால், வாடகைக் காரைப் பொறுத்தவரை அதை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி. விஇபி என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் இந்த அனுமதிக்கான ஆர்எஃப்ஐடி வில்லை (கருவி தொலைவிலிருந்தே படிக்கும் சிறு ஒட்டி) வாகனத்தில் ஒட்டப்பட்டு, செயல்படும் நிலையில் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இது முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, வில்லை இல்லாத சிங்கப்பூர்ப் பதிவு வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. வாடகைக் காருக்கு இதைப் பதிவு செய்வது உரிமையாளரான நிறுவனத்தின் வேலை. எனினும் சாலையில் நிறுத்திக் கேட்கும்போது வண்டியில் இருப்பவர் நீங்கள்தான். காரை எடுக்கும் அன்று முன்கண்ணாடியிலோ முன்விளக்கிலோ வில்லை ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்து, அது அந்த வண்டி எண்ணுக்கே உரியது என்று ஊழியரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

காப்புறுதியைப் பற்றிய பகுதியைத்தான் ஒப்பந்தத்தில் மிக நிதானமாகப் படிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் வாடகைக்கு எடுத்தவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை எக்சஸ் என்பார்கள். சிங்கப்பூருக்குள் ஒரு தொகையும் மலேசியாவில் அதைவிடக் கூடுதலான தொகையும் குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். சில ஒப்பந்தங்களில் அது இரு மடங்காகக்கூட இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை காப்புறுதிக்குள் வருகின்றனவா, ஈப்போவுக்கு அருகே வண்டி நின்றுபோனால் அதைச் சிங்கப்பூருக்கு இழுத்து வரும் செலவு யாருடையது என்பனவற்றையும் கேட்டுவிட வேண்டும். ஓட்டப்போகும் ஒவ்வொருவரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாத மைத்துனர் அரை மணி நேரம் ஓட்டியபோது விபத்து நடந்தாலும் காப்புறுதி கைவிட்டுவிடும். சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவில் செல்லும். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் உறவினர் ஓட்டப்போகிறார் என்றால், ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை வாங்கி வரச் சொல்லுங்கள். மூன்று நாடுகளிலும் சாலையின் இடப்பக்கத்தில்தான் ஓட்டுகிறோம் என்பதால் கை பழக அவருக்கு அதிக நேரம் ஆகாது.

எல்லையைப் பேருந்தில் கடந்து, ஜோகூர் பாருவில் மலேசியப் பதிவெண் கொண்ட காரை வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. வாடகை குறையும், விஇபி தேவையில்லை, அடுத்துச் சொல்லப்போகும் முக்கால் தொட்டி விதியும் இல்லை. பெட்டி குறைவாகவும் ஆட்கள் திடமாகவும் இருந்தால் நான் இந்த வழியையே சொல்வேன். ஆனால் பாட்டியும் கைக்குழந்தையும் இருக்கும் குடும்பம், இரண்டு சோதனைச்சாவடிகளிலும் பெட்டிகளோடு இறங்கி ஏறி வரிசையில் நிற்பதைவிட, வீட்டு வாசலில் ஏறி விடுதி வாசலில் இறங்குவதற்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகும்.

முக்கால் தொட்டி விதி சிங்கப்பூருடையது. சிங்கப்பூர்ப் பதிவு பெற்ற கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது இருந்தாக வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என்று தொடங்கிய இந்த விதி 1991இல் முக்கால் தொட்டியாக உயர்ந்தது. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கட்ட நேரிடும்; வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய கார்களில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். புதிய கார்களின் திரையில் எட்டுக் கட்டங்கள் இருந்தால் ஆறு கட்டங்களாவது ஒளிர வேண்டும். சாவடி வரிசையில் நெடுநேரம் நின்று நகரும்போதும் ஒரு கட்டம் அணைந்துவிடக்கூடும் என்பதால், புறப்படும் முன் நிரப்பிவிடுவதே பாதுகாப்பு. மலேசியாவுக்குள் நிரப்பும்போது நினைவில் இருக்க வேண்டியது, வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்கு ரோன் 95 என்ற தரத்துப் பெட்ரோல் விற்பனை 2010 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதே. அது மலேசிய அரசு தன் மக்களுக்காக மானியம் தந்து வந்த பெட்ரோல். நமக்குரியது ரோன் 97. யாரும் பார்க்கவில்லை என்று 95இல் கைவைக்கும் சிலரைப் பார்த்திருக்கிறேன். விருந்தாளியாகப் போகும் நாட்டில் அப்படிச் செய்யக்கூடாது.

எல்லையில் தொடங்கிப் பினாங்குப் பாலம் வரை பணத்தின் இடத்தில் பயன்படுவது, முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் டச் என் கோ அட்டைதான். மலேசியாவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டுக் காருக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. அதன் பிறகு நெடுஞ்சாலைச் சுங்கம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில், ஏறும் சாவடியில் அட்டையைத் தட்டி, இறங்கும் சாவடியில் அதே அட்டையைத் தட்ட வேண்டும். ஓடிய தூரத்துக்கு ஏற்பப் பணம் கழியும். ஏறும்போது கணவரின் அட்டையையும் இறங்கும்போது மனைவியின் அட்டையையும் காட்டினால் தடுப்பு திறக்காது. எங்கள் முதல் பயணத்தில் மலாக்காவுக்கு அருகே ஆயர் குரோவில் இறங்கும்போது அட்டையில் 11 ரிங்கிட் மட்டுமே இருந்தது. சிவப்பு விளக்கு எரிய, பின்னால் லாரிகள் ஒலி எழுப்ப, தம்பி இறங்கி ஓடி அடுத்த தடத்து ஊழியரிடம் உதவி கேட்ட அந்த நான்கு நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை. சுங்கச்சாவடியிலேயே பணம் ஏற்றிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். கைப்பேசியின் முதுகில் வைத்தே பணம் ஏற்றக்கூடிய புதிய வகை அட்டையை வாங்கி, புறப்படும்போதே 150 ரிங்கிட்டாவது போட்டு வைத்தால், நடுவழியில் குறைந்தாலும் ஓய்வுப் பகுதியில் உட்கார்ந்து ஏற்றிவிடலாம்.

ஆட்களுக்கான ஆவணங்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் உறவினர்களுக்குத்தான். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா நுழைய 2023 டிசம்பர் முதல் வழி இருக்கிறது. அந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்திருக்கும் பெற்றோரின் சிங்கப்பூர் விசா, பலமுறை நுழைய இடம் தருவதா என்பதை முதலில் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. வருகை தருவோர் சிங்கப்பூர் திரும்பும்போது அந்நாட்டு வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். எல்லோருடைய கடவுச்சீட்டிலும் ஆறு மாதமாவது காலம் மீதமிருக்கட்டும்.

எந்த நாளில், எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதைத் தூரத்தைவிடச் சோதனைச்சாவடிகளே முடிவு செய்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை, சனிக்கிழமை காலை, பள்ளி விடுமுறையின் முதல் நாள் ஆகியவற்றில் வாகனங்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்பதுண்டு. ஜோகூர் மாநிலமும் 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு வார இறுதிக்கு மாறிவிட்டதால் இருபக்கத்து நெரிசலும் ஒரே நாளில் சேர்கிறது. செவ்வாய் அல்லது புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே புறப்படுவது சிறந்தது. 1924இல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் கடற்பாலம், 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் இணைப்பு ஆகிய இரண்டில், நேரே வடக்கு நோக்கிப் போவோருக்கு நான் துவாஸையே பரிந்துரைப்பேன். சுங்கம் கூடுதல்தான், ஆனால் ஜோகூர் பாரு நகர நெரிசலில் சிக்காமல் செனாய் அருகே நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். சிங்கப்பூர்ப் பக்கத்தில் ஒவ்வொரு கடவுச்சீட்டையும் நீட்டுவதற்குப் பதிலாக, அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் காரிலுள்ள எல்லோருக்கும் ஒரே கியூஆர் குறியீட்டை முன்னரே உருவாக்கிக்கொள்ளலாம். மலேசியப் பக்கத்துக்குக் கடவுச்சீட்டுகள் கையில் இருக்க வேண்டும் என்பதால் அவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

இப்போதுதான் விடுதி. ஜோகூர் பாருவிலிருந்து மலாக்கா ஏறக்குறைய 220 கிலோமீட்டர். எல்லைக் காத்திருப்பையும் சேர்த்தால் முதல் நாளுக்கு இதுவே போதும். எல்லையில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், முதல் இரவு விடுதியை மட்டும் கட்டாயம் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுங்கள். மலாக்கா, ஜார்ஜ் டவுன் ஆகிய இரண்டு நகரங்களின் பழைய பகுதிகளும் 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்கள். அங்கே பழைய கடைவீடுகளை விடுதிகளாக்கியிருக்கிறார்கள். பார்க்க மிக அழகானவை. ஆனால் பலவற்றுக்குச் சொந்தக் கார் நிறுத்துமிடம் கிடையாது, மின்தூக்கியும் இருக்காது. விடுதிப் பக்கத்தில் “அருகில் நிறுத்துமிடம் உண்டு” என்றிருந்தால், எத்தனை மீட்டர் தூரம், இரவில் பூட்டுவார்களா, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். மலாக்காவின் ஜோங்கர் தெருவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவுச் சந்தைக்காகச் சாலையை மூடிவிடுவார்கள். அந்தத் தெருவில் அறை எடுத்தவர் இரவு எட்டு மணிக்குக் காரோடு வந்து சேர்ந்தால் அறை வரை போக வழியிருக்காது. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தளத்தில் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் இதை விடுதியில் தனியாகக் கேட்கக்கூடும்.

மலாக்காவிலிருந்து ஈப்போ வரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இந்தப் பயணத்தின் நீண்ட நாள் இதுதான். நடுவே கோலாலம்பூருக்கு அருகேயுள்ள பத்துமலையில் நிறுத்தி 272 படி ஏறிவிட்டு மதியம் சாப்பிடலாம்; தைப்பூச வாரத்தில் மட்டும் அந்தப் பக்கம் காரைத் திருப்பாதீர்கள், அப்போது ரயிலே வழி. ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய ஏற்ற இறக்கத்தில் கனரக லாரிகள் ஊர்ந்து போகும். பிற்பகல் மழையும் சேர்ந்தால் அங்கே வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் போகும்போது மட்டுமே சுங்கம், திரும்பும்போது இல்லை. தீவுக்குள் போன பிறகு காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஜார்ஜ் டவுனை நடந்தே பாருங்கள். லிட்டில் இந்தியாவும் 1833இல் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்தே இருக்கின்றன.

விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, படங்கள் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் மலேசியக் காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலை வாங்க வேண்டும். அது இல்லாமல் சிங்கப்பூர்க் காப்புறுதி நகராது. வாடகை நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்துவிட வேண்டும்; அவர்கள் சம்மதம் இல்லாமல் வழியில் எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்கக் கொடுக்கக்கூடாது.

திரும்பும் நாளைத் திங்கள் அல்லது செவ்வாயாக வைத்து, காரை ஒப்படைக்கும் நேரத்தை மறுநாள் காலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தால் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் கூடுதல் வாடகை ஏறும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு வாங்கி வரும் பொருள்களில் 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி சலுகை உண்டு. மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தீர்வைச் சலுகை கிடையாது. டுரியான் பழத்தைக் காரில் ஏற்ற வேண்டாம். பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். இருக்கைத் துணியில் ஏறும் அந்த மணத்துக்கு நிறுவனங்கள் தனியே சுத்தம் செய்யும் கட்டணம் போடுகின்றன. ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும், பெட்ரோல் அளவையும் ஓடிய தூரத்தையும் காட்டும் திரையையும் படமெடுத்து, பிணைத்தொகை திரும்பும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.