பெட்டியோடு கதையும் வரவேண்டும்: பின்லாந்துக் குடியேறிகளின் சிறு அருங்காட்சியகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860-களில் தொடங்கி 1920-கள் வரை பின்லாந்திலிருந்து மூன்று லட்சம் பேருக்கு மேல் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சிகனில் செம்புச் சுரங்கம், மின்னசோட்டாவில் இரும்புச் சுரங்கம், ஓரிகன் மாநிலத்து ஆஸ்டோரியாவில் சால்மன் மீன்பிடி என்று பிழைப்பு அமைந்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடங்களிலும் பண்ணை வீடுகளிலும் சிறு அருங்காட்சியகங்களை நடத்துகிறார்கள். சம்பளம் கிடையாது, பாசம்தான். அந்தப் பாசமே சில நேரம் கெடுதலும் செய்துவிடுகிறது.

பெரிய தவறு, கதையைக் கேட்காமல் பொருளை மட்டும் வாங்கி வைப்பது. ஒரு குடும்பம் மரப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கும். உள்ளே பழந்துணிக் கீற்றுகளால் நெய்த ஜமுக்காளம், ஒரு புக்கோ (பின்லாந்துக்காரர்கள் இடுப்பில் செருகும் சிறு கத்தி), காப்பிக்கொட்டை அரைக்கும் கைமிஷின். "வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஜமுக்காளத்தின் நீலக் கீற்று யார் போட்ட சட்டையிலிருந்து கிழித்தது, எந்த வீட்டுத் தறியில் நெய்தது என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டால்தான் உண்டு. கூடவே தானப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு பேரன் வந்து பங்கு கேட்டால் அதுதான் துணை.

அடுத்தது சுத்தம் செய்கிற ஆர்வம். சவுனா என்பது பின்லாந்துக்காரர்களின் நீராவிக் குளியலறை. பழைய புகைச் சவுனாவுக்குப் புகைபோக்கி கிடையாது. சுவரெல்லாம் கரி படிந்திருக்கும். நல்லெண்ணத்தோடு அதைத் தேய்த்துக் கழுவி, வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கினால் போச்சு. பல குடும்பங்கள் புது நிலத்தில் முதலில் கட்டியது சவுனாவைத்தான். வீடு எழும்பும்வரை அதிலேயே குடியிருந்தார்கள், பிள்ளை பெற்றதும் அங்கேதான். அந்தக் கரியும் அருங்காட்சியகத்தின் சொத்துதான். கிழிந்த கடிதத்துக்கு செல்லோடேப் ஒட்டுவதும் இதே கதை: பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும்.

பெயர்களில் நடக்கும் பிழை வேறு ரகம். பின்லாந்து மொழியான பின்னிஷில் சில எழுத்துகளின் தலைமேல் இருக்கும் இரண்டு புள்ளிகளை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 'சாரி' என்றால் தீவு. புள்ளிகள் சேர்ந்தால் 'ஸேரி', முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி. மேற்குப் பின்லாந்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர் அந்தப் பண்ணையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே அண்ணன் தம்பிக்கு வேறுவேறு குடும்பப்பெயர் இருந்தால் அது எழுத்தரின் பிழை என்று திருத்திவிடாதீர்கள். 1917 வரை பின்லாந்து ரஷ்யப் பேரரசில் இருந்தது. அதனால் பழைய அமெரிக்க ஆவணங்களில் பிறந்த நாடு ரஷ்யா என்று இருக்கலாம். ஆவணத்தில் இருப்பதை அப்படியே எழுதி, பக்கத்தில் விளக்கம் சேர்ப்பதுதான் முறை.

எனக்கு அதிகம் வலிப்பது, பாதிச் சமூகத்தை விட்டுவிடுவது. லூத்தரன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) தேவாலயம், காப்பி, சவுனா என்று இனிமையானதை மட்டும் அடுக்குகிறார்கள். தேவாலயத்துக்குப் போனவர்களும் சோஷலிஸ்ட் மன்றத்துக்குப் போனவர்களும் ஒரே ஊரில் முகம் கொடுத்துப் பேசாமல் வாழ்ந்தார்கள். 1913-இல் மிச்சிகன் செம்புச் சுரங்க வேலைநிறுத்தம் நடந்தபோது, டிசம்பர் 24 அன்று கலுமெட் ஊரின் இத்தாலியன் ஹாலில் கிறிஸ்துமஸ் விழா. யாரோ "தீ" என்று கத்தினார்கள், தீயே இல்லை. மாடிப்படி நெரிசலில் 73 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள், பெரும்பாலானவை பின்லாந்துக் குடும்பங்கள். அந்தக் கட்டடத்தை 1984-இல் இடித்துவிட்டார்கள், வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. சண்டை வருமே என்று இதைச் சொல்லாமல் விடுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தை நம்பி வைப்பதும் ஆபத்து. மிச்சிகனின் ஹான்காக் ஊரில் 1896-இல் சுவோமி கல்லூரியாகத் தொடங்கிய ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது. அதனிடம் இருந்த பாரம்பரிய மையமும் ஆவணக் காப்பகமும் என்னவாகுமோ என்று பலரும் தவித்தார்கள். ஃபின்லாண்டியா ஃபவுண்டேஷன் நேஷனல் என்ற பின்லாந்து-அமெரிக்கப் பண்பாட்டு அமைப்பு அவற்றை ஏற்றுக்கொண்டது. உங்கள் சங்கம் கலைந்தால் பொருள்கள் யாரிடம் போகும் என்று விதிமுறையில் இன்றே எழுதிவையுங்கள், ஸ்கேன் பிரதிகளை வேறு ஊரிலும் வையுங்கள்.

சரி, குரல்? ஏலக்காய் மணக்கும் இனிப்பு ரொட்டியைப் பின்லாந்தில் இப்போது 'புல்லா' என்பார்கள். மிச்சிகன் பாட்டிகள் வாயில் அது இன்னமும் பழைய 'நிசு'. அடுத்த முறை ஒரு பாட்டி மாவு பிசையும்போது போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.