வாசகர் வட்டம் ஆரம்பிக்கும்போது செய்யக் கூடாதவை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் டெல்டா ஊர்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்தால், முதல் புத்தகமாக எடுக்கத் தோன்றுவது பொன்னியின் செல்வன். சோழ நாட்டுக் கதை, படமும் வந்துவிட்டது, யாருக்கும் பிடிக்காமல் போகாது என்பது கணக்கு. என்னைக் கேட்டால் முதல் தவறே அதுதான். நாவல் அருமையானது, ஆனால் ஐந்து பாகம். கல்கி பத்திரிகையில் 1950-இல் ஆரம்பித்து 1954 வரை வாராவாரம் வந்த கதை. அத்தனை வருஷம் ஜனங்கள் காத்திருந்து படித்ததை ஒரே மாதத்தில் முடித்துவிட்டு வாருங்கள் என்றால் வேலைக்குப் போகிறவரும் வயலைப் பார்க்கிறவரும் எங்கே போவார்கள்? பாதியில் நிற்கிறவர் கூச்சப்பட்டு அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார், அப்படி நின்றவரைத் திரும்ப அழைத்து வருவது ரொம்பக் கஷ்டம்.

சிறுகதையில் ஆரம்பியுங்கள். கும்பகோணத்துக்காரரான கு.ப. ராஜகோபாலன், அதாவது கு.ப.ரா.வின் 'விடியுமா?' ஒன்று போதும். ஒரு தந்தி வருகிறது, அக்காவும் தம்பியும் ராத்திரி ரயிலில் சென்னைக்குக் கிளம்புகிறார்கள், கதையில் பெரும்பகுதி அந்தப் பயணம்தான். கூட்டத்திலேயே ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம், அப்போது 'நான் படிக்காமல் வந்துவிட்டேன்' என்று தலைகுனிய யாருமே இருக்க மாட்டார்கள். முடிந்ததும் அந்த அக்காவின் மனசில் என்னதான் ஓடுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும், எல்லாரும் தாளைப் புரட்டுவார்கள். வாசகர் வட்டம் என்பதே அதற்குத்தான்.

பிரதி விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. கு.ப.ரா. 1944-இல் காலமானவர், காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, தாராளமாக நகல் எடுக்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை, அதிலும் பிரச்சினை இல்லை. ஆனால் தி. ஜானகிராமன் மறைந்தது 1982-இல். எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். அதனால் அவருடைய நாவலையோ இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகத்தையோ பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் சுற்ற விடாதீர்கள். இரண்டு பிரதி வாங்கி மாற்றி மாற்றிப் படியுங்கள், இல்லையா, கிளை நூலகத்தில் கேளுங்கள்.

சரி, சினிமாவுக்கு வருவோம். 'புத்தகம் மாதிரி இல்லை' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்புவது பெரிய வீணடிப்பு. தொடர்கதை எழுதுகிறவர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அடுத்த வாரம் வரை ஆளை இழுத்துப் பிடிக்கிற மாதிரி முடிக்க வேண்டும், அது அந்த வடிவத்தின் தேவை. பொன்னியின் செல்வன் 2022-லும் 2023-லும் இரண்டு படங்களாக வந்தபோது அந்தத் தேவை இல்லை, ஐந்து பாகத்தில் நிறைய வெட்டியும் ஆக வேண்டும். எதை வெட்டினார்கள், எதை வைத்துக்கொண்டார்கள், ஏன் என்று பேசினால் ஒரு சாயங்காலம் போதாது. தில்லானா மோகனாம்பாளும் விகடனில் தொடராக வந்ததுதான். நாயனத்தை எழுத்தில் வர்ணிக்கத்தான் முடியும், 1968-இல் வந்த படத்திலோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பே காதில் விழுகிறது. எழுத்து அங்கே கொஞ்சம் விலகி வழிவிட வேண்டும், அதில் எழுத்துக்கு ஒரு குறைவும் இல்லை. தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலில் இது தலைகீழ். கும்பகோணத்துத் தெருக்களை 1995-இல் வந்த படம் காட்டிவிடலாம், கதாநாயகன் பாபுவின் மனசுக்குள் பக்கம் பக்கமாக ஓடுகிறதைக் காட்ட எழுத்தால்தான் முடியும்.

நம் பக்கத்தில் மட்டும் நடக்கிற தவறு ஒன்று உண்டு. கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டு சண்டை போடுவது. பொன்னியின் செல்வனில் வருகிற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை, அதில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்துகளைப் பற்றிப் பேசுகிற ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் இருக்கிறது. அதே நாவலில் வருகிற நந்தினி கல்கியின் கற்பனை. இரண்டையும் கலந்துவிட்டால் யார் கொன்றது என்பதிலேயே பொழுது போய்விடும், நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். கல்வெட்டுக்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டே வரலாம்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது, மாத நாவல் படிக்கிறவர்களையும் சீரியல் பார்க்கிறவர்களையும் இளக்காரமாகப் பார்ப்பது. ஒரு அம்மா இருபது வருஷமாகக் குடும்ப நாவல் படிக்கிறார் என்றால் கதை எங்கே இழுக்கிறது, எந்தப் பாத்திரம் பொய்யாகப் பேசுகிறது என்பது அவருக்கு நம்மை விடச் சட்டென்று பிடிபடும். அவரை வாயைத் திறக்க விடுங்கள். 'அதெல்லாம் இலக்கியமா' என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அவர் மட்டுமல்ல, அவரோடு வந்த இன்னும் மூன்று பேரும் மறுமாதம் வர மாட்டார்கள்.

மேடை, பொன்னாடை, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். விருந்தினர் ஒரு மணி நேரம் பேசுவார், வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள், புத்தகம் பையிலேயே இருக்கும். வட்டமாக உட்காருங்கள், அதிகம் பேசுகிறவர் கடைசியில் பேசட்டும்.

அப்புறம் தேதி. சம்பா நடவிலும் தை அறுவடையிலும் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிராமத்திலிருந்து வருகிறவருக்குக் கடைசி பஸ்ஸே நிச்சயமில்லை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக இயக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. நாம் மாதாமாதம் ஊர் மாற்றிக் கூடக் கூடாதா? ஒரு மாதம் டவுனில், மறுமாதம் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். பெண்கள் வர வேண்டுமானால் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வையுங்கள், ராத்திரி ஏழு மணிக்கு வேண்டாம். கலைவதற்கு முன்னால் அடுத்த கதை எது, எந்த ஊர், பிரதியை யார் கொண்டுவருவது என்ற மூன்றையும் எழுதி வைத்துவிடுங்கள்.