இரும்பு மாத்திரைக்கு முன் அந்தத் தாளில் மூன்று வரிகள்

யாங்கோனில் ஓர் இரத்த ஆய்வகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தவள் நான். போன மாதம் பக்கத்து வீட்டு மருமகள் பரிசோதனைத் தாளோடு வந்தாள். "இரத்தம் குறைவாம் அக்கா. எட்டு மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், ஏறவே இல்லை." அவளுக்குக் காட்டிக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் வரி ஹீமோகுளோபின், அதாவது சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். நூறு மில்லி இரத்தத்தில் அது பெண்ணுக்கு 12 கிராமுக்கும் ஆணுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் இரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11. எல்லாரும் இதோடு தாளை மடித்துவிடுகிறார்கள். மடிக்காதீர்கள். குறைந்ததை அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

இரண்டாவது எம்.சி.வி., அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 வரை இயல்பு. 100-ஐத் தாண்டினால் பி12, ஃபோலேட் குறைவா என்று பார்க்க வேண்டும். 80-க்குக் கீழே இருந்தால், அணுவை நிரப்ப ஹீமோகுளோபின் போதவில்லை என்று பொருள். எலும்பு மஜ்ஜையில் இளம் அணு பிரிந்து பிரிந்து பெருகுகிறது. உள்ளே ஹீமோகுளோபின் போதிய அளவு சேர்ந்ததும் பிரிவதை நிறுத்துகிறது. பிறகு உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு, இரத்தத்தில் இறங்கி, இருபுறமும் குழிந்த தட்டாகிறது. சேர்வது தாமதமானால் இன்னும் ஒருமுறை பிரிந்து சிறுத்துவிடும். கண்ணாடித் தகட்டில் பார்த்தால் நடுவே வெளுத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு வளையம் தெரியும். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்; இன்றும் மனம் கனக்கும்.

ஹீமோகுளோபினுக்கு இரும்பும் வேண்டும், குளோபின் என்ற புரதச் சங்கிலியும் வேண்டும். எது குறை என்பதை மூன்றாவது வரியான சிவப்பணு எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். இரும்பு இல்லாத மஜ்ஜை அணுக்களைக் குறைவாகவே செய்யும். சங்கிலியில் பரம்பரைக் குறை இருந்தால் சின்னச் சின்ன அணுக்களை ஏராளமாகச் செய்யும். எம்.சி.வி.யை, மில்லியனில் தந்திருக்கும் எண்ணிக்கையால் வகுங்கள். 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கமும், கீழே வந்தால் தலசீமியாக் கூறின் பக்கமும், அதாவது அந்தப் பரம்பரைக் குறையைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற நிலையின் பக்கமும், சந்தேகம் சாயும். அவள் தாளில் எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.6. விடை 11.4.

இது தடயம்தான், தீர்ப்பு இல்லை. மருத்துவரிடம், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் கேளுங்கள். பர்மாவில் ஹீமோகுளோபின் ஈ என்ற வகையும் பரவலாக உண்டு. அதிலும் அணு சிறுக்கும். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்குவதை என்னால் பொறுக்க முடியாது.

ஃபெர்ரிட்டின் குறைந்து, இரும்புக் குறைவுதான் என்று உறுதியானால் மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். நம் ஊர்க் கடைப் பால் தேநீரும் இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு உதவும். எண் சரியானதும் நிறுத்திவிடாமல், உடலின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். இரும்பு எங்கே கசிந்தது, மாதவிடாயிலா, குடலிலா என்பதையும் தேட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஃபெர்ரிட்டின் நிறைவாகவே இருந்தது. பீட்டா தலசீமியாக் கூறு உறுதியாயிற்று. கணவனுக்கும் அதே கூறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஈ வகை இருந்தாலும் ஆபத்துதான். அவள் இன்னும் பிள்ளை பெறவில்லை. திங்கட்கிழமை அவனை நானே ஆய்வகத்துக்கு அழைத்துப் போகிறேன்.