‘டான்’ (don) என்னும் ஆங்கில வினையை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது?

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள், சென்ற மாதம் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், “அட் தேக்கா மார்க்கெட், மை கிராண்ட்மதர் வாஸ் டானிங் எ ப்ளூ சாரி” என்று எழுதியிருந்தாள். ‘டானிங்’ என்ற சொல்லை ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார், காரணம் எழுதவில்லை. பாட்டி நீலச் சேலையில் வந்திருந்தார் என்பதே அவள் சொல்ல நினைத்தது. வாக்கியமோ, தேக்கா சந்தையின் நடுவில், மீன்கடைக்கு எதிரே, பாட்டி அப்போதுதான் கொசுவம் மடித்துச் சேலை கட்டிக்கொண்டிருந்தார் என்று பொருள் தந்துவிட்டது.

நம் பிள்ளைகள் ‘பொம்பாஸ்டிக்’ எனப்படும் ஆடம்பரச் சொற்களைத் தேடிப் பிடித்துக் கட்டுரையில் செருகுவது இங்கே சிங்கப்பூரில் வழக்கமாகிவிட்டதால், இந்த வினையைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது. ‘வேர்’ (wear) என்ற சாதாரண ஆங்கில வினை, ஒருவர் ஓர் உடையோடு இருக்கும் நிலையைக் குறிக்கிறது. ‘டான்’ அந்த உடையை எடுத்து அணியும் செயலைக் குறிக்கிறது, அணிந்து முடித்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. தமிழில் இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகவே கைவந்தது: ‘அணிந்துகொண்டார்’ வேறு, ‘அணிந்திருந்தார்’ வேறு. ஆகவே எழுதுமுன் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘இருந்தார்’ என்று முடிந்தால் ‘வேர்’ என்றும், ‘கொண்டார்’ என்று முடிந்தால் மட்டும் ‘டான்’ என்றும் எழுதுவது பாதுகாப்பானது. செய்தித்தாள்களிலும் இந்தப் பிழை தென்படுவதுண்டு என்றாலும், தேர்வுத்தாளில் அது சமாதானமாகாது.

சொல்லின் பிறப்பை அறிந்தால் பொருள் மறக்காது. ‘டூ’ (do), ‘ஆன்’ (on) என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக் குறுகியதே ‘டான்’. ‘டூ’வும் ‘ஆஃப்’பும் (off) ஒட்டியது ‘டாஃப்’ (doff), அதாவது கழற்றுதல். 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ‘டாஃப்’ வழக்கொழிந்துவிட்டது, நாட்டுப்புறத்தார் மட்டுமே சொல்கிறார்கள் என்று குறித்துவைத்தார். அவர் கைகழுவிய சொல் இன்றும் உயிரோடிருக்கிறது.

இரண்டுமே பழமைச் சாயல் உள்ளவை என்பதால் எல்லா உடைக்கும் பொருந்துவதில்லை. ‘மணக்கோலம் பூண்டாள்’ என்போம். ‘பள்ளிக்குப் போகக் காலுறை பூண்டேன்’ என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ‘டான்’ ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. சீருடை, தலைக்கவசம், பட்டமளிப்பு அங்கி, மாறுவேடம் போன்று, அணிந்ததும் ஆளின் பொறுப்போ தோற்றமோ மாறுகிற உடைகளுக்கு அது அழகாகப் பொருந்தும். காலையில் எழுந்து சட்டை போட்டதற்கு ‘புட் ஆன்’ போதும். எதை அணிந்தார் என்ற செயப்படுபொருளும் உடன் வர வேண்டும். ‘ஹி டான்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். இறந்தகாலத்தில் ‘என்’ (n) என்ற எழுத்து இரட்டிக்கும் (donned) என்பதையும் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள்.

‘டாஃப்’ பெரும்பாலும் தொப்பியோடு வருகிறது. மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றும் ஐரோப்பிய வழக்கத்திலிருந்து, ஒருவரைப் பாராட்டித் தலைவணங்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டாயிற்று. பஞ்சாலைகளில் நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றி எடுப்பதற்கும் இதே சொல்தான்.

இவ்விரு சொற்களும் அலங்காரமின்றி அன்றாடம் புழங்கும் ஓரிடம் மருத்துவமனை. 2003இல் சார்ஸ், 2020இல் கொவிட்-19 என இரண்டு தொற்றுகளைக் கண்ட சிங்கப்பூரில், தாதியர் பலருக்குப் பாதுகாப்பு அங்கியை அணிவது ‘டானிங்’, கழற்றுவது ‘டாஃபிங்’. பொதுவாகக் கையுறை கடைசியில் மாட்டப்பட்டு முதலில் கழற்றப்படும். முகக்கவசம் இறுதியாகவே நீங்கும். கிருமி ஒட்டிய வெளிப்புறம் கையில் படக்கூடும் என்பதால் கழற்றும் வேளைதான் அதிக ஆபத்தானது.

மகள் பாட்டியின் வாக்கியத்தை ‘வாஸ் வேரிங்’ என்று திருத்தினாள். ‘டான்’ என்பதை விட மனமில்லாமல், அடுக்குமாடி புளோக்கின் கீழே வந்து நின்ற தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்ட வரிக்கு அதை மாற்றிவிட்டாள்.