கைவிடப்பட்ட குதிரையை வீட்டுக்குக் கொண்டு வந்தால்: முதல் மூன்று மாதம்

கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டுக்குச் செம்பி வந்தது ஆனி மாத மழையில். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றிய நாட்டுக்குதிரை. கால் நொண்ட ஆரம்பித்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். யார் பக்கத்தில் போனாலும் காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டும். கயிற்றைக் கையில் கொடுத்தவர், "கடிக்கிற குதிரை, பாத்துக்கோங்க" என்றுதான் சொல்லிக் கொடுத்தார்.

அது கடித்ததற்குக் காரணம் முதுகிலும் வாயிலும் இருந்த வலி என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் உடம்பு, அப்புறம் குணம். உடம்பைப் பார்க்காமல் பழக்க ஆரம்பித்தால், வலிக்கிற பிராணியை வலிக்கிறது என்று சொன்னதற்காகத் தண்டிப்பதாகிவிடும்.

இடமும் மருத்துவரும்

குதிரை வருவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மாடு, ஆடு பார்க்கும் மருத்துவர் நிறையப் பேர் உண்டு. குதிரை பார்த்துப் பழகியவர் யார் என்று விசாரிக்க வேண்டும். பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் இருக்கிறது.

கொட்டகைத் தரை மேடாக, தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும். வேறு குதிரையோ கழுதையோ வைத்திருந்தால் குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள், வாளியும் தனி. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். மூக்கில் கெட்டியான சளி, காலில் வரிசையாகக் கட்டிகள் தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள். ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இந்த நோயைப் பரிசோதிக்கிறது. டெட்டனஸ் ஊசியையும் தள்ளிப்போட வேண்டாம். ஆணி கீறிய சின்னப் புண்ணே ஒரு குதிரையைக் கொன்றுவிடும்.

முதல் நாள் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. காய்ச்சல் பார்க்கும்போது 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் சரியான அளவு. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கிட்டே விடாத குதிரை என்றால் தூரத்தில் நின்று மூச்சையும் சாணத்தையும் மட்டும் எண்ணுங்கள். மற்றதை மருத்துவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எடை தெரியாமல் மருந்தளவு சொல்ல முடியாது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். செம்பியின் நெஞ்சளவு 140, நீளம் 130. எடை 214 கிலோ வந்தது.

தீனி: அவசரப்படவே கூடாத இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

செம்பி வந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டா ஒரு செம்பு நிறைய வேகவைத்த காணத்தோடு, அதாவது கொள்ளோடு, வந்தார். "காணம் தின்னாத குதிரையா மக்கா? ரெண்டு நாள்ல நிமிந்துரும்" என்றார். அன்போடு கொண்டுவந்தது. ஆனால் கொடுக்கவில்லை, "ஒரு மாசம் கழிச்சு நீங்களே உங்க கையால குடுங்க பாட்டா" என்று சொல்லித் திருப்பினேன்.

காரணம் இது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த குதிரை தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிர் வாழ்ந்திருக்கும். உடம்பில் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கையிருப்பு குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்து நிறையப் போனால் இன்சுலின் சுரந்து, மிச்சமிருக்கும் தாதுக்களும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறும். தின்ன ஆரம்பித்து மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குதிரை விழுந்து செத்துப்போவது இப்படித்தான். பார்ப்பவர்களுக்கு "நல்லா தின்னுட்டுதானே இருந்துச்சு" என்றுதான் தோன்றும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் முறை எளிமையானது. முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்). அது பெரிய உடம்புக் குதிரைக்கு. செம்பிக்கு 250 கிராம்தான் வைத்தேன். ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து வைக்க வேண்டும். நான்காவது நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தடவையைக் குறைக்கலாம். பத்து நாளில் வயிறு நிறையும் அளவுக்கு வந்துவிடும். காணமும் தானியமும் அதற்குப் பிறகுதான், அதுவும் மருத்துவரைக் கேட்டு.

குதிரை மசால் நம் பக்கம் எளிதில் கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அது வரும்வரை வரப்பில் வளர்ந்த அருகம்புல்லை நன்றாகக் காயவைத்துச் சிறிது சிறிதாக வையுங்கள். வைக்கோலை முக்கியத் தீனியாக வைக்காதீர்கள். சத்து இல்லை, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குக் குடலில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எப்போதும் வேண்டும். ஒரு குதிரை நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். ஒரு கட்டி உப்பும் பக்கத்தில் இருக்கட்டும், நக்கிக்கொள்ளும்.

மாடு வளர்த்த கை செய்யும் தவறு ஒன்று உண்டு: நேப்பியர் புல்லும் தவிடும். மாட்டுக்கு இரண்டும் நல்லது. குதிரைக்கு நேப்பியரில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம். இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். முகத்தெலும்பு வீங்கும், இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும்.

கொடுக்கவே கூடாதவையும் நம் தோட்டத்திலேயே இருக்கின்றன. எங்கள் தோவாளைப் பக்கம் பூ இல்லாத வீடு இல்லை. கோயில் மாலையைப் பிரசாதம்போலக் குதிரைக்கு நீட்டுபவர்கள் உண்டு. மாலையில் அரளி இருந்தால் அது விஷம். காய்ந்த இலை கொஞ்சம் போனாலே இதயம் நின்றுவிடும். மரச்சீனி (மரவள்ளி) இலை, ரப்பர் விதை இரண்டிலும் சயனைடு உண்டு. சூபாபுல் (சவுண்டல்) தழை தின்றால் பிடரியும் வாலும் கொட்டும். கோழித்தீவனப் பக்கமே குதிரையை விடாதீர்கள்; அதில் கலக்கும் மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையைக் கொல்லும்.

மணல், புழு, பல், குளம்பு

கடற்கரையில் நின்ற குதிரை தரையில் கிடப்பதைப் பொறுக்கித் தின்னும்போது மணலையும் விழுங்கும். ஐந்தாறு சாண உருண்டைகளைத் தரையில் படாமல் எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால் குடலில் மணல் இருக்கிறது. எங்கள் வாளியில் ஒரு கைப்பிடி படிந்தது. மருத்துவர் இசப்கோல் எழுதிக் கொடுத்தார். இனித் தரையில் தீனி போடாமல் தொட்டியில் போடுங்கள்.

வந்த அன்றே பூச்சி மருந்து கொடுக்கத் தோன்றும். நலிந்த குதிரையின் வயிற்றில் நிறையப் புழு ஒரேயடியாகச் செத்தால் அதுவே ஆபத்து. சாணத்தைப் பரிசோதித்து, உடம்பு கொஞ்சம் தேறியதும் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்கலாம்.

தின்னும்போது பாதி மென்ற உருண்டையை வெளியே தள்ளினால் பல்லில் கோளாறு. கடைவாய்ப் பல் ஓரம் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். மருத்துவர் அரத்தால் தேய்த்துவிடுவார். செம்பியின் வாயோரத்தில் பழைய தழும்புகள் இருந்தன, முள் வைத்த கடிவாளத்தின் வேலை. அப்படிப்பட்ட கடிவாளத்தை, வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் பிராணிகளின் வதையைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகளே தடைசெய்திருக்கின்றன.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் குளம்பை நாள்தோறும் பார்க்க வேண்டும். அடியில் முக்கோணமாக ரப்பர்போல இருக்கும் பகுதியின் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றமாக ஏதாவது வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. சுத்தம் செய்து, உலர்ந்த தரையில் நிறுத்துங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். செம்பி நொண்டியதற்கு வளர்ந்து வளைந்த குளம்புதான் காரணம்.

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, புரள்வது, சாணம் போடாதது: இதெல்லாம் கோலிக் என்ற கடும் வயிற்றுவலியின் அறிகுறிகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், கைவைத்தியத்தில் ஒரு மணி நேரத்தையும் இழக்காதீர்கள்.

பயத்தைக் கழற்றுவது

மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தேன். அதற்கு முன் தினமும் கொட்டகைக்கு வெளியே முக்காலி போட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள். எங்கே காது மடங்குகிறதோ, தலை உயர்கிறதோ, அங்கேயே நில்லுங்கள். காது தளர்ந்த நொடியில் ஓர் அடி பின்னால் போய்விடுங்கள். அமைதியாக நின்றால் இந்த ஆள் விலகிவிடுகிறார் என்று அது கற்றுக்கொள்ளும். பல்லைக் காட்டும்போது விலகினால் பல்லைக் காட்டத்தான் கற்றுக்கொள்ளும். ஆகவே அது தாங்கக்கூடிய தூரத்தைத் தாண்டாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செம்பிக்கு முதல் நாள் அந்தத் தூரம் நான்கு மீட்டர்.

தொட விட்டதும், பிடரி முடியும் முதுகும் சேரும் இடத்தில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது, நாடித்துடிப்பே இறங்கும். முகத்தைத் தட்ட வேண்டாம். கடிக்கும் குதிரைக்குக் கையால் தின்பண்டம் கொடுக்காமல் வாளியில் போடுங்கள்.

காலைத் தூக்கப் பழக்குவதும் இப்படியே. தோளிலிருந்து முழங்கால் வரை தடவி விடுங்கள், போதும். அடுத்த நாள் கணுக்கால் வரை. பாரத்தை மறுகாலுக்கு மாற்றினாலே பாராட்டி விட்டுவிடுங்கள். ஒரு நொடி தூக்கி, அது இழுப்பதற்கு முன் நீங்களே இறக்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் பழக்குவதை விட்டுவிடுவேன். காற்றில் ஓசையும் வாசனையும் குழம்பி, நிதானமான குதிரைகூடத் துள்ளும். தனியாக நிற்பதும் அதற்குக் கொடுமை. ஓர் ஆட்டுக்குட்டியைத் துணைக்குக் கட்டினோம், இப்போது இரண்டும் ஒரே தொட்டியில் தின்கின்றன.

சேணம் வைப்பது பற்றிக் கேட்கிறார்கள். முதுகெலும்பு தசையில் மூடும்வரை, புண் முழுதாக ஆறும்வரை எதையும் முதுகில் வைக்காதீர்கள். செம்பியின் முதுகில் சேணம் அறுத்த இடத்தில் இப்போது உள்ளங்கை அளவுக்கு வெள்ளை முடி முளைத்திருக்கிறது. பாட்டா தினமும் சாயங்காலம் ஒரு பிடி காணத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்துக்குச் சற்று முன்னால் சொறிந்துவிடுகிறார். செம்பி கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது.